வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஏன் அதிகமாக இழுக்கிறது? லைன் கடைசி விவசாயிக்கு ஒரு கணக்கு

மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று மோட்டார் கொட்டகைக்கு ஓடுகிறீர்கள். வோல்ட் மீட்டர் முள் 330-ஐத் தாண்டவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓர் உறுமல், அவ்வளவுதான், ரிலே தட்டிவிடுகிறது. மறுபடி அழுத்துகிறீர்கள். மூன்றாவது முறை மோட்டார் ஓடத் தொடங்குகிறது, தண்ணீரும் வருகிறது. ஆனால் ஆம்பியர் மீட்டர் வழக்கத்தைவிட இரண்டு புள்ளி மேலே நிற்கிறது. 'தண்ணி வந்தா சரி' என்று வரப்புக்குப் போய்விடுகிறீர்கள். சில நாட்களில் காயில் கருகி, மோட்டார் வைண்டிங் கடைக்குப் போகிறது.

திருத்தணி வட்டாரத்தில் இது கோடைக்குக் கோடை நடப்பதுதான். தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி வரும். அந்த வெயிலில் திருவாலங்காடு ஆலைக்குப் போக வேண்டிய கரும்பும், வேர்க்கடலையும், மல்லியும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்கும். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறிகளும் ஓடும். அவையும் மோட்டார்கள்தாம்.

வைண்டிங் கடைக்காரரைக் கேட்டால் 'லோ வோல்டேஜ்' என்பார். லைன்மேனைக் கேட்டால் 'எல்லாரும் ஒரே நேரத்துல போட்டா எப்படி?' என்பார். இருவர் சொல்வதும் சரிதான். வோல்டேஜ் குறைந்தால் மின்சாரம் குறைவாகத்தானே வர வேண்டும், பிறகு காயில் எப்படிச் சூடாகும் என்ற கேள்விக்குத்தான் நேரான பதில் கிடைப்பதில்லை. அந்தப் பதில் தெரிந்தால், மின்வாரிய அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும், கொட்டகையில் எதைச் செய்யக் கூடாது என்ற இரண்டும் தெரிந்துவிடும்.

பல்பு அடங்கும், மோட்டார் அடங்காது

கொட்டகையில் பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிறது என்று வையுங்கள். வோல்டேஜ் இறங்கினால் அது மங்கும். மங்கும்போது அது இழுக்கும் மின்னோட்டமும் குறையும். லைன் திணறும் நேரத்தில் தன் தேவையைத் தானே குறைத்துக்கொள்ளும் நல்ல பிள்ளை அது. இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரும் இதே ரகம்.

மோட்டார் அப்படியல்ல. வோல்டேஜ் 415-லிருந்து 340-க்கு இறங்கியது உங்கள் கிணற்றுக்குத் தெரியாது. 200 அடி ஆழத்திலுள்ள தண்ணீர் 200 அடியில்தான் இருக்கிறது. அதைத் தூக்க வேண்டிய வேலையும் அதேதான். மோட்டாரின் வேகம் கொஞ்சம்தான் குறையும். ஏறக்குறைய அதே வேலையைக் குறைந்த வோல்டேஜில் செய்ய வேண்டுமானால், ஆம்பியரைக் கூட்டித்தான் ஆக வேண்டும். மோட்டாரும் அதைத்தான் செய்கிறது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சாதாரண 5 எச்.பி. மும்முனை மோட்டார் ஒன்று 415 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். நீர்மூழ்கி மோட்டார் என்றால் இன்னும் ஓரிரு ஆம்பியர் கூடும். அதே மோட்டார் 340 வோல்ட்டில் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ஆம்பியர்தானே என்று நினைக்காதீர்கள். காயிலில் பிறக்கும் வெப்பம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப உயரும். 8 என்பது 10 ஆனால் வெப்பம் ஒன்றரை மடங்கு. காப்புப் பூச்சின் வெப்பநிலை தாங்கும் வரம்புக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மோட்டார் தொழிலில் எல்லோரும் ஏற்ற கணக்கு. தரைமட்ட மோட்டாராக இருந்தால் திருத்தணி வெயில் வேறு கொட்டகைக்குள் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு பக்கம் மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 340 வோல்ட்டில் அது மூன்றில் இரண்டு பங்காகிவிடும். பொத்தானை அழுத்தியதும் உறுமிவிட்டு நிற்பது இதனால்தான். சுழலாமல் நிற்கும் மோட்டார் வழக்கமான ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த நிலையில் சில விநாடிகளுக்கு மேல் விட்டால் காயில் தாங்காது.

பொறியாளர் போடும் கணக்கு

ஒரு லைனில் எந்த இடத்தில் எவ்வளவு வோல்டேஜ் இருக்கும், எந்தக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்று முன்கூட்டியே கணிக்க மின்பொறியாளர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். 'லோட் ஃப்ளோ' என்பார்கள். தமிழில் மின்பாய்வுக் கணக்கு எனலாம். புது டிரான்ஸ்பார்மர் எங்கே வைப்பது, எந்தக் கம்பியைத் தடிமனாக மாற்றுவது என்ற முடிவுகளுக்கு அடிப்படை இதுதான்.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு சுமையையும் ஏதாவது ஒரு ரகத்தில் சேர்க்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் பல்பைப் போல அடங்கும் சுமை ஒரு ரகம். வோல்டேஜ் எப்படியிருந்தாலும் அதே ஆம்பியர் இழுப்பது இரண்டாவது ரகம். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி அதே வேலையைச் செய்வது மூன்றாவது. ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் மோட்டார் ஏறக்குறைய மூன்றாவது ரகம். எந்த ரகத்தில் சேர்த்தால் என்ன என்று தோன்றலாம். விடை எவ்வளவு மாறுகிறது என்று நாமே போட்டுப் பார்ப்போம்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி லைனின் கடைசியில் ஐந்து மோட்டார்கள், எல்லாம் 5 எச்.பி. கம்பி 30 சதுர மில்லிமீட்டர் அலுமினியம். டிரான்ஸ்பார்மரடியில் 415 வோல்ட். இந்தத் தூரத்தில் ஒரு மோட்டாருக்குச் சுமார் 13 வோல்ட் வீதம் இறங்கும். ஐந்துக்கு 65. ஆகவே கடைசியில் 350 வோல்ட் இருக்கும் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் 350-ல் மோட்டார் 8 ஆம்பியரோடு நிற்காது, 9-க்கு மேல் இழுக்கும். அப்போது இறக்கம் 77 வோல்ட்; மீதி 338. அந்த 338-க்கு இன்னும் கொஞ்சம் அதிகம் இழுக்கும், 335. இப்படிச் சுற்றிச் சுற்றிப் போனால் கடைசியில் 334 வோல்ட்டில் கணக்கு நிற்கும். கணினியும் உள்ளே இப்படித்தான் திரும்பத் திரும்பப் போட்டு விடையை நெருங்குகிறது. இதே ஐந்து மோட்டாரைப் பல்பு ரகத்தில் சேர்த்துப் போட்டால் 359 வோல்ட் என்று விடை வரும். தாளில் 359, கொட்டகையில் 334. விவசாய மோட்டார்களுக்கான ஐ.எஸ். தரம் 415-லிருந்து 15 சதவீதம் குறைவு வரை, அதாவது 353 வோல்ட் வரை மோட்டார் தாங்க வேண்டும் என்கிறது. தாளில் பார்த்தால் தப்பித்த மோட்டார், வயலில் எரிகிற மோட்டார்.

ஆறாவது மோட்டாரைப் போட்டால் 311 வோல்ட். ஏழாவதுக்கு 280. எட்டாவதைச் சேர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? கணக்குக்கு விடையே கிடையாது. வோல்டேஜ் இறங்க ஆம்பியர் கூட, ஆம்பியர் கூட வோல்டேஜ் இறங்க, எங்கேயும் நிற்காமல் சறுக்கிக்கொண்டே போகும். வயலில் இதற்கு அர்த்தம், அந்தக் கம்பியால் எட்டு மோட்டாரைச் சுமக்கவே முடியாது என்பது. எட்டுக்கு முன்பே ஏதாவது ஒரு மோட்டார் சுழல முடியாமல் நின்றுவிடும். நின்ற மோட்டார் இழுக்கும் ஆம்பியர் மற்ற மோட்டார்களின் வோல்டேஜையும் கீழே தள்ளும். ஒரு கொட்டகையில் உறுமல் கேட்ட சற்று நேரத்தில் பக்கத்து வயல் மோட்டாரும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இது விரல்விட்டுப் போட்ட எளிய கணக்குதான். டிரான்ஸ்பார்மருக்குள்ளும் 11 கே.வி. லைனிலும் ஏற்படும் இறக்கத்தை நான் சேர்க்கவில்லை; சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். பம்பின் வேகம் கொஞ்சம் குறைவதால் சுமையும் கொஞ்சம் குறையும். அது சிறு ஆறுதல். ஆனால் கணக்கு போகும் திசை மாறாது.

பெரிய நாடுகளும் இதில் தவறியதுண்டு. 1996 ஆகஸ்ட் 10-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களின் மின்தொகுப்பு துண்டு துண்டாக உடைந்து, சுமார் 75 லட்சம் இணைப்புகள் இருளில் மூழ்கின. நடந்ததைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, தொகுப்பு தாக்குப்பிடித்திருக்கும் என்றே விடை வந்தது. உண்மையில் அது விழுந்திருந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. சுமைகளைக் கணக்கில் தவறான ரகத்தில் வைத்திருந்ததும் அவற்றில் ஒன்று. பிறகு, 2000-களின் தொடக்கத்தில், அங்கே கணக்குப் போடும்போது சுமையில் 20 சதவீதத்தை மோட்டாராகவே கொள்ள வேண்டும் என்று தற்காலிக விதி செய்தார்கள். நம் கிராமத்து ஃபீடர்களில், மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில், மோட்டாரின் பங்கு அதைவிடப் பல மடங்கு.

அட்டையில் 5, கிணற்றில் 7.5

கணக்கின் முறை சரியாக இருந்தாலும், போடும் எண் சரியாக இருக்க வேண்டுமே. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. மீட்டர் என்ற பேச்சை எடுத்தாலே அடுத்து பில் வரும் என்ற அச்சம் நமக்கு உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீட்டர் இல்லாத இடத்தில் பொறியாளருக்குத் தெரிந்தது பதிவேட்டிலுள்ள எச்.பி. மட்டும்தான்.

அந்தப் பதிவேட்டில் 5 எச்.பி. என்று இருக்கும். நீர்மட்டம் இறங்க இறங்க நீங்கள் 7.5 எச்.பி. இறக்கியிருப்பீர்கள். பக்கத்துக் கிணற்றிலும் அதே கதை. பத்துப் பேர் இப்படி மாற்றினால் 25 எச்.பி. சுமை எந்தப் பதிவிலும் இல்லாமல் லைனில் தொங்குகிறது. புதிய டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு கொடுக்கிறீர்கள். பதிவேட்டைப் பார்த்தால் 'இருக்கிற டிரான்ஸ்பார்மரே போதும்' என்றுதான் தெரியும். நீங்கள் மறைத்த இரண்டரை எச்.பி.தான் உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்கிறது. கூடுதல் எச்.பி.யைப் பதிவு செய்யப் போனால் அலைச்சலும் செலவும் ஆகும் என்பது உண்மை. இரண்டு முறை காயில் கட்டும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு வயலிலும் மீட்டர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒரு மீட்டர் இருந்தாலே எந்த நேரத்தில் எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட் என்று தெரிந்துவிடும். இலவச மின்சாரத்துக்கு அதனால் எந்தப் பங்கமும் வராது. எடுத்த எடுப்பிலேயே அதை எதிர்ப்பது நம் கண்ணை நாமே கட்டிக்கொள்வது போன்றது.

கொட்டகையில் செய்யும் தவறுகள்

முதல் தவறு ரிலேயில். வோல்டேஜ் குறையும்போது ரிலே தட்டுகிறது என்று அதன் திருகை மேலே ஏற்றி வைப்பார்கள். சிலர் அதை நேராக இணைத்தே விடுவார்கள். ரிலே தட்டுவது கோளாறு அல்ல. 'இந்த வோல்டேஜில் ஓட்டாதே' என்று அது உங்களிடம் சொல்கிறது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரில்தான் அது நிற்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் அமைக்கும் அளவு வேறு. எலெக்ட்ரீஷியனைக் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது ஆட்டோ ஸ்டார்ட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை வந்தாலும் எழுந்து போக வேண்டியதில்லை என்று வாங்கிப் போடுகிறோம். அதன் அருமை பாம்பு நடமாடும் வரப்பில் நடப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் மின்சாரம் வந்த அதே நிமிடத்தில் டிரான்ஸ்பார்மரிலுள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாக எழும்புகின்றன. நேரடி ஸ்டார்ட்டரில் ஒரு 5 எச்.பி. மோட்டார் எழும்பும்போது 50 ஆம்பியர் வரை இழுக்கும். மேலே சொன்ன லைனில் அந்த ஒரு மோட்டாருக்கே 50 வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தொடர்ந்து தரக்கூடியது ஒரு முனைக்குச் சுமார் 139 ஆம்பியர். மூன்று மோட்டார் ஒன்றாக எழும்பினாலே அதைத் தாண்டிவிடும். பத்து எழும்பினால் எதுவும் எழும்பாது; எல்லாம் சேர்ந்து உறுமும், பியூஸ் போகும்.

இதற்குச் செலவே இல்லாத வைத்தியம் உண்டு. ஆட்டோ ஸ்டார்ட்டரில் தாமத நேரம் வைக்கும் திருகு இருக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து பேசி, ஒருவர் ஒரு நிமிடம், அடுத்தவர் இரண்டு, அதற்கடுத்தவர் மூன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய ஊர்களுக்கு இது புதிதல்ல. அதிலும் லைன் கடைசியில் இருப்பவரை முதலில் எழும்ப விடுங்கள். மற்றவர்கள் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு அவரால் எழும்பவே முடியாமல் போகலாம். பக்கத்து வயல்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் இந்த வைத்தியம் பலிக்காது. அதற்கு எந்தப் பொறியாளரிடமும் மருந்து இல்லை.

மூன்றாவது, இருமுனை மின்சாரத்தில் கண்டென்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவது. ஒரு முனைக்கு வர வேண்டிய மின்னோட்டமும் மற்ற இரண்டின் தலையில் விழுகிறது. உங்கள் காயிலும் சூடாகிறது, அந்த இரண்டு முனைகளில் இருக்கும் வீடுகளின் வோல்டேஜும் இறங்குகிறது. பயிர் வாடும்போது ஏன் செய்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் லைனுக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை.

கெப்பாசிட்டர் எவ்வளவு உதவும்?

மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி தண்ணீர் தூக்கும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பகுதி மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கப் போகிறது. இந்த இரண்டாவது பகுதியை லைனிலிருந்து இழுக்காமல் பக்கத்திலேயே கொடுப்பதுதான் கெப்பாசிட்டரின் வேலை. 5 எச்.பி. மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர்., 7.5-க்கு 3 என்பது வழக்கமான அளவு. சரியாகப் போட்டால் லைனிலிருந்து இழுக்கும் 8 ஆம்பியர் 7-க்குக் கீழே வரும். கம்பியில் வீணாகும் மின்சாரம் கால் பங்குக்கு மேல் குறையும்.

ஆனால் கடையில் சொல்வதுபோல் எல்லாவற்றையும் அது தீர்த்துவிடாது. நம் ஐந்து மோட்டார் கணக்கில் எல்லோரும் கெப்பாசிட்டர் போட்டால் கடைசி வோல்டேஜ் 334-லிருந்து 343 ஆகும். 8, 9 வோல்ட்தான் லாபம். காரணம், கெப்பாசிட்டர் தரும் உதவியும் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது சோர்ந்துபோகும். ஒருவர் மட்டும் போட்டால் அந்த லாபமும் தெரியாது. எல்லோரும் போட வேண்டும், போட்டது வேலை செய்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்கவும் வேண்டும். உப்பிப்போன கெப்பாசிட்டர் பல கொட்டகைகளில் வெறும் அலங்காரமாகத் தொங்குகிறது.

உண்மையான தீர்வு அந்த ஒரு கிலோமீட்டரைக் குறைப்பதில்தான் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் திருத்தணி; நகரி, புத்தூர் பக்கம் உறவு இல்லாத குடும்பம் இங்கே குறைவு. அந்தப் பக்கம் போகும்போது வயல் நடுவே கம்பத்தில் சின்னச் சின்ன டிரான்ஸ்பார்மர்களைப் பார்த்திருக்கலாம். 2000-களில் ஆந்திராவில் பரவலாகக் கொண்டுவந்த முறை அது. 11 கே.வி. லைனை வயல் வரை கொண்டுவந்து, 25 கே.வி.ஏ. போன்ற சிறு டிரான்ஸ்பார்மரில் இரண்டு மூன்று மோட்டாரை மட்டும் இணைப்பார்கள். அதே மின்சாரத்தை 415 வோல்ட்டுக்குப் பதில் 11,000 வோல்ட்டில் கொண்டுவந்தால் ஆம்பியர் 26-ல் ஒரு பங்காகிவிடும்; கம்பியில் வோல்டேஜ் இறக்கம் பேச்சுக்கே வராது. மூன்று பேருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் என்பதால் திருட்டுத்தனமாகக் கொக்கி போடுவதையும் அந்த மூவரே தடுப்பார்கள். 2004-ல் ஆந்திராவில் இலவச மின்சாரம் வந்தபோது கெப்பாசிட்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற பம்ப், உராய்வு குறைந்த ஃபுட் வால்வு, பிளாஸ்டிக் குழாய் ஆகிய நான்கையும் விவசாயிகள் பொருத்த வேண்டும் என்றார்கள். எல்லோரும் பொருத்தினார்களா என்பது வேறு விஷயம். கேட்ட நான்கும் சரியானவை.

மனுவில் என்ன எழுதுவது

'எங்கள் பகுதியில் குறைந்த மின்னழுத்தம் உள்ளது' என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் படுத்துவிடும். எண்களோடு எழுதுங்கள். மும்முனை வரும் நேரத்தில், ஒரு வாரம், தினமும் மூன்று முறை வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரு நோட்டில் குறியுங்கள்: எல்லா மோட்டாரும் ஓடும்போது, பாதி ஓடும்போது, உங்களுடையது மட்டும் ஓடும்போது. கூடவே டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் கொட்டகைவரை எத்தனை கம்பம், அந்த லைனில் உண்மையில் எத்தனை மோட்டார், ஒவ்வொன்றும் எத்தனை எச்.பி. என்பதையும் எழுதுங்கள். தாழ்வழுத்த இணைப்பில் 6 சதவீதத்துக்கு மேல் வோல்டேஜ் மாறக் கூடாது என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலிருந்தே உள்ள வரம்பு. 415-க்கு அது 390 வோல்ட். உங்கள் நோட்டில் 334 இருந்தால் அந்த வித்தியாசம் தானாகவே பேசும்.

ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னகம் எண் 94987 94987-லும் புகாரைப் பதிந்து, தரும் எண்ணை அதே நோட்டில் எழுதி வையுங்கள். மோட்டார் சுமை எந்த ரகத்தில் கணக்கிடப்பட்டது என்றும் கேட்டுப் பாருங்கள். வேளாண் விரிவாக்க அலுவலர்கள் இந்தக் குறிப்பெடுக்கும் வேலையை ஒரு டிரான்ஸ்பார்மரில் செய்து காட்டினால், அடுத்த டிரான்ஸ்பார்மர்காரர்கள் பார்த்துச் செய்துகொள்வார்கள்.

மனு நகரும்வரை, ஓட்டும் மீட்டரில் 350-க்குக் கீழே தெரிந்தால் பொத்தானை அழுத்தாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆம்பியர் பெயர்த்தகட்டு அளவைத் தாண்டினால் நிறுத்திவிட்டு, பக்கத்து வயல் மோட்டார் நின்ற பிறகு போடுங்கள்.